ராக்கி மலைத் தேசியப் பூங்கா: உடம்பை உயரத்துக்குப் பழக்கி மூன்று நாளில் சுற்றிப் பார்க்க

டென்வர் விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பூங்காவைக் கடக்கும் டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சிவரை ஓட்டிவிட முடியும். நல்ல தார்ச்சாலை, எந்தக் காரும் ஏறும். கார் ஏறிவிடும், உடம்பு ஏறாது. காலையில் கடல் மட்டத்தில் இருந்தவர் மாலையில் 12,000 அடியில் நின்றால், ஒவ்வொரு மூச்சிலும் அவருக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் வழக்கமானதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. தலை கனக்கும், குமட்டும், சாப்பாடு பிடிக்காது, இரவில் தூக்கம் வராது. அடுத்த நாளும் அதோடு போய்விடும்.

கொலராடோவிலுள்ள இந்தப் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பதில் மற்ற முடிவுகள் எல்லாம் இந்த உயரத்திலிருந்துதான் பிறக்கின்றன. 1915 ஜனவரி 26 அன்று தேசியப் பூங்காவான இதன் பரப்பு ஏறத்தாழ 1,075 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, மரமே வளராத உயரத்தில் இருக்கிறது. எனவே இங்கே நாட்களை உயரத்தின்படி அடுக்கியிருக்கிறோம்: முதல் நாள் 8,500 அடி, இரண்டாம் நாள் 10,000, மூன்றாம் நாள் 12,000. கையில் இரண்டே நாள்தான் இருக்கிறதென்றால் நடைப் பாதைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எந்த மாதம்

ஜூலையில் எல்லாச் சாலைகளும் திறந்திருக்கும். உச்சியில் காட்டுப் பூக்கள் விரிந்திருக்கும். அதே மாதத்தில்தான் மதிய இடிமழையும் அதிகம், கூட்டமும் அதிகம். ஆகஸ்டும் ஏறக்குறைய அப்படியே. ஜூனில் அருவிகள் நிறைந்து கொட்டும். ஆனால் 9,500 அடிக்கு மேலுள்ள பாதைகளில் பழைய பனி இறுகிக் கிடக்கும், மேல் ஏரிகள் சில இன்னும் உறைந்தே இருக்கும். கோடை என்று நம்பிச் சாதாரணக் காலணியோடு வருகிறவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் ஜூனில்தான்.

தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கு எங்கள் பரிந்துரை செப்டம்பரின் பின்பாதி. ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகும், எல்க் மான்களின் இணைசேரும் காலம் தொடங்கியிருக்கும், மதிய இடியும் தணிந்திருக்கும். ஒரே குறை, ஓர் இரவுப் பனிப்பொழிவில் உச்சிச் சாலையான டிரெயில் ரிட்ஜ் திடீரென மூடப்படலாம். அந்தச் சாலை வழக்கமாக மே கடைசி வாரத்தில் திறந்து அக்டோபரில் குளிர்காலத்துக்காக மூடப்படும். மே மாதத்தில் வருகிறவர்கள் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

அனுமதியும் கட்டணமும்

மிக அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான். நுழைவுக் கட்டணம் வேறு, நேரம் குறித்த நுழைவு அனுமதி வேறு. மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இரண்டும் வேண்டும். ஆண்டுச் சீட்டு கையில் இருந்தாலும் நேர அனுமதி தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

‘டைம்டு என்ட்ரி’ என்ற இந்த அனுமதியில் இரண்டு வகை. ஒன்று, ஏரிப் பாதைகளுக்குப் போகும் பேர் லேக் சாலை நீங்கலாக மற்றப் பகுதிகளுக்கு: காலை 9 முதல் மதியம் 2 வரை நுழைய இது தேவை. இன்னொன்று, பேர் லேக் சாலையையும் சேர்த்து: காலை 5 முதல் மாலை 6 வரை இது தேவை. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் முதல் வகையை எடுத்துவிட்டு, பேர் லேக் சாலை முனையில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. எடுக்கும்போது ‘பேர் லேக் ரோடு’ என்ற சொற்கள் அனுமதியின் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பதிவு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில். ஒரு காருக்கு 2 டாலர். சமீப ஆண்டுகளின் நடைமுறை இது: ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி, மலை நேரப்படி காலை 8 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான அனுமதிகள் திறக்கும். ஜூலையில் போக வேண்டுமானால் ஜூன் 1. கோடை வார இறுதிகளின் பேர் லேக் காலை நேரங்கள் மிக விரைவில் தீர்ந்துவிடும். கணக்கைத் தொடங்கி, கார்டு விவரத்தைச் சேமித்து, 8 மணிக்கு முன்பே உள்நுழைந்து காத்திருங்கள். கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, போகும் நாளுக்கு முந்தின மாலை 7 மணிக்கு விடுகிறார்கள். ஆண்டுதோறும் தேதிகளில் சிறு மாற்றம் வருவதால் பூங்காவின் அதிகாரபூர்வப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அனுமதியில் இரண்டு மணி நேர இடைவெளி குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் நுழைந்துவிட்டால் போதும், வெளியேற நேரக் கெடு இல்லை. தவறவிட்டால் அனுமதி வீண். பூங்காவுக்கு வெளியே, வாயிலுக்குப் போகும் வழியிலுள்ள எஸ்டெஸ் பார்க் ஊருக்குள்ளேயே கார்கள் தேங்கி நிற்கும் என்பதால், இடைவெளியின் தொடக்கத்தைக் குறிவைத்துக் கிளம்புங்கள். அனுமதியை முன்பே கைபேசியில் இறக்கி வையுங்கள். வாயிலில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய புகைப்பட அடையாள அட்டையும் வேண்டும்.

இந்த நேரங்களையே உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். பேர் லேக் போகாத நாளில் காலை 9-க்கு முன் நுழைந்தால் நேர அனுமதியே வேண்டாம். மலையில் எப்படியும் அந்த நேரத்துக்குள் உள்ளே இருப்பதுதான் நல்லது. ஆகவே மூன்று நாளுக்கும் சேர்த்து, இரண்டாம் நாளுக்கு மட்டும் பேர் லேக் அனுமதி ஒன்று எடுத்தால் போதும்.

கட்டணம் காருக்கு ஒரு நாளைக்கு 30 டாலர், ஏழு நாளைக்கு 35. எனவே இரண்டு நாள் என்றாலே ஏழு நாள் சீட்டுதான் லாபம். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும். 2026 தொடங்கி, அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, இந்தப் பூங்கா உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. அவர்களுக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

பையில் என்ன இருக்க வேண்டும்

அடிவாரத்தில் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது உச்சியில் 10, 12 டிகிரிதான் இருக்கும். காற்றையும் சேர்த்தால் அதைவிடக் குளிராகத் தோன்றும். ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்: வியர்வையை உறிஞ்சாத உள்சட்டை, நடுவில் கம்பளியோ ஃபிளீஸோ, மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜூலையிலும் மெல்லிய கையுறையும் காதை மூடும் தொப்பியும் பையின் அடியில் கிடக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும். தாகம் எடுக்கவில்லை என்று குடிக்காமல் இருந்துவிடுவார்கள், மாலையில் தலைவலி வரும். ஓடைத் தண்ணீர் பளிங்குபோல இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். வடிகட்ட வேண்டும், இல்லையேல் கொதிக்கவைக்க வேண்டும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும், பனியில் பட்டுத் திரும்பினால் இரட்டிப்பாகச் சுடும். வெயில் தாங்கும் கிரீமை மூக்கின் அடிப்பகுதியிலும் தாடைக்குக் கீழும்கூடத் தடவுங்கள். குளிர்கண்ணாடி குழந்தைகளுக்கும் வேண்டும்.

அக்டோபரிலிருந்து ஜூன் வரை, காலணிக்கு அடியில் மாட்டும் சிறு முள் சங்கிலி வேண்டும். மைக்ரோஸ்பைக் என்று கேட்டால் எஸ்டெஸ் பார்க் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசி எடுக்காது. வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி இறக்கிக்கொண்டு, வாயிலில் தரும் காகித வரைபடத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: 8,500 அடி, ஓய்வுதான் வேலை

விமான நிலையத்திலிருந்து போல்டர், லயன்ஸ் ஊர்கள் வழியாக எஸ்டெஸ் பார்க் சுமார் 80 மைல். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம், இருந்தால் இரண்டுக்கும் மேல். ஊர் 7,522 அடியில் இருக்கிறது. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, தங்கும் விடுதியும் கிடையாது. தொட்டியை இங்கேயே நிரப்பிவிடுங்கள்.

அறைக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மதியம் 2-க்குப் பிறகு ஃபால் ரிவர் வாயில் வழியாக நுழைந்து ஹார்ஸ்ஷூ பார்க் புல்வெளிக்குப் போகலாம். அந்த நேரத்துக்கு மேல் அனுமதி தேவையில்லை. முதல் நாளே மொரெய்ன் பார்க்கும் ஸ்ப்ரேக் ஏரியும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: இரண்டும் பேர் லேக் சாலையில் இருப்பவை. மாலை 6 ஆகாமல் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. கோடையில் எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் ஆறு மணிக்குப் பிறகும் நேரம் தாராளம்.

ஹார்ஸ்ஷூ பார்க்கில் சாலையோரமே ஷீப் லேக்ஸ் என்ற சிறு குட்டைகள் இருக்கின்றன. மே முதல் ஆகஸ்டு நடுப்பகுதிவரை பிக்ஹார்ன் காட்டு ஆடுகள் மலையிலிருந்து இறங்கி, இங்குள்ள மண்ணின் உப்புச்சத்தைத் தேடி வரும். சாலையைக் கடக்கும் ஆடுகளுக்காகப் பூங்காப் பணியாளர்கள் வண்டிகளை நிறுத்துவதும் உண்டு. மாலையைவிடக் காலை ஒன்பதிலிருந்து மதியம்வரை அவற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் நாள் காலையில் இந்த வழியாகப் போகும்போது இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சற்றுத் தள்ளி அல்லூவியல் ஃபேன். பெரும்பாறைகள் விசிறிபோலப் பரவிக் கிடக்கும் இந்த இடம் ஒரே காலையில் உருவானது. 1903-இல் பாசனத்துக்காக லான் ஏரியில் கட்டிய மண் அணை 1982 ஜூலை 15 அன்று உடைந்தது. வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு இங்கே வந்து கொட்டியது. முகாமிட்டிருந்த மூன்று பேர் இறந்தனர். அந்தப் பாறைகள் மேல் குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். ஓடையோரப் பாறை மட்டும் வழுக்கும், அங்கே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர நடை போதும்.

இரவில் உடம்பைக் கவனியுங்கள். லேசான தலைவலியும் மூச்சு வாங்குவதும் எதிர்பார்த்தவைதான்: தண்ணீர், எளிய உணவு, தூக்கம். மது வேண்டாம். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மறுநாள் மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது நுரையீரலையோ மூளையையோ பாதித்த நிலை. காலைவரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உயர நோய்க்கு முதல் மருந்து இறங்குவதே. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும். அதையும் அவர் சொன்னால்தான்.

இரண்டாம் நாள்: ஏரிப் பாதைகள்

பேர் லேக் சாலை முடியும் இடம் 9,475 அடி. அங்கே இருக்கும் வாகன நிறுத்தம் கோடையில் விடிந்த சற்று நேரத்திலேயே நிறைந்துவிடும். அனுமதி எடுக்கும்போது 5 முதல் 7 வரையிலான இடைவெளியை எடுத்தால் ஏரிக்கரைவரை கார் போகும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் மேலே போய்ச் சுற்றிக்கொண்டிருக்காமல், கிளேசியர் பேசின் முகாமுக்கு எதிரிலுள்ள ‘பார்க் அண்ட் ரைடு’ மைதானத்தில் காரை விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் ஏறிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நடை நேரத்தைக் கணக்கிட எளிய வழி: ஒவ்வொரு 2 மைலுக்கும் ஒரு மணி, ஏற வேண்டிய ஒவ்வொரு 1,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. குழந்தைகளும் உயரம் பழகாதவர்களும் இருந்தால் அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை வருகிறவர்களுக்கு எமரால்டு ஏரிப் பாதைக்கு ஈடு கிடையாது. ஒரு பக்கம் 1.8 மைல், ஏற்றம் சுமார் 650 அடி. அரை மைலில் நிம்ஃப் ஏரி. கோடையில் மஞ்சள் அல்லி பூத்திருக்கும். 1.1 மைலில் டிரீம் ஏரி. ஹாலெட் சிகரம் தண்ணீரில் தலைகீழாக நிற்பது இங்கேதான், காற்று எழும்பும் முன் போனால். அங்கிருந்து ஏறிச் சென்றால் மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த எமரால்டு. பனியாறு குடைந்தெடுத்த கிண்ணம் அது. அந்தச் சுவர்களைப் பார்த்தபடி பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். போக வர மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால், ஆறரைக்குக் கிளம்பியவர் பத்துக்கெல்லாம் திரும்பிவிடலாம். முழுவதும் நடக்க முடியாவிட்டால் டிரீம் ஏரியோடு திரும்புங்கள், பெரிய இழப்பில்லை.

வேறு பாதைகளும் உண்டு. ஆல்பர்ட்டா அருவி, கிளேசியர் கார்ஜ் தொடக்கத்திலிருந்து 0.8 மைல்தான். மில்ஸ் ஏரி ஒரு பக்கம் 2.8 மைல், லாக் ஏரி ஏறக்குறைய 3 மைல். நன்றாக நடப்பவர்களுக்கு இவை அரை நாள் வேலை. ஸ்கை பாண்ட் போகவர சுமார் 9 மைல். அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் டிம்பர்லைன் அருவியை ஒட்டி, நீர் வழியும் பாறையில் கையையும் பயன்படுத்தி ஏற வேண்டும். ஜூனில் அது பனிக்கட்டியாகவே இருக்கும். முதல் பயணத்தில் அது வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஸ்ப்ரேக் ஏரி: சமதளம், சுற்றி வர ஒரு மைலுக்கும் குறைவு, மலைத்தொடர் முழுதும் எதிரே.

14,259 அடி லாங்ஸ் சிகரத்தைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. அதன் வழக்கமான பாதையான கீஹோலே போகவர 15 மைல், 5,000 அடி ஏற்றம், கடைசி ஒன்றரை மைல் பள்ளத்தாக்கின் விளிம்பில் பாறை ஏற்றம். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரத்திலேயே கிளம்புகிறார்கள். பல வாரம் உயரத்தில் பழகியவர்களுக்கான வேலை அது.

பாதையோரச் சிற்றணில்களும் பறவைகளும் கைக்கு எட்டும் தூரம் வரும். ஒரு பருப்புகூடக் கொடுக்காதீர்கள். பழகிய விலங்கு கடிக்கும், நோய் பரப்பும். குளிர்காலத்துக்குச் சேமிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடும். உணவூட்டுவது சட்டப்படியும் குற்றம்.

மூன்றாம் நாள்: டிரெயில் ரிட்ஜ் சாலை

எஸ்டெஸ் பார்க்கிலிருந்து மேற்கேயுள்ள கிராண்ட் லேக் ஊர்வரை 48 மைல். இதன் உச்சப் புள்ளி 12,183 அடி. சுமார் 11 மைல் மரமே இல்லாத வெட்டவெளியில் போகிறது. நிற்காமல் ஓட்டினாலே இரண்டு மணி நேரம் ஆகும், நிதானமாகப் பார்க்க அரை நாள். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள்.

மெனி பார்க்ஸ் கர்வ், ரெயின்போ கர்வ் இரண்டிலும் சில நிமிடம் போதும். ரெயின்போ கர்வைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, காற்று வீசும் பக்கத்தில் கிளையே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் கொடிபோலக் கிளை விட்டு நிற்பதைக் கவனியுங்கள். பனித்துகள் கலந்த குளிர்காலக் காற்று மொட்டுகளை அறுத்துவிடுவதால் வந்த உருவம். அதற்கு மேல் தூந்திரா, மரமே வளராத குளிர்ந்த வெளி. ஃபாரஸ்ட் கேன்யன் பார்வைமுனையில் 20 நிமிடம்; பிறகு ராக் கட். அங்கே ‘தூந்திரா கம்யூனிட்டீஸ்’ நடைபாதை ஒரு பக்கம் அரை மைல், தார் போட்டது. 12,000 அடிக்கு மேல் இருப்பதால் அந்த அரை மைலுக்கே மூச்சு வாங்கும். பத்து அடி நடந்து நின்று, மறுபடி நடந்தால் போதும், அவசரமில்லை.

பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள் என்று எழுதி வைத்திருப்பதை இங்கே மனப்பூர்வமாக மதிக்க வேண்டும். வளரும் காலம் சில வாரங்கள்தான். மெத்தைபோல ஒட்டிக் கிடக்கும் மாஸ் கேம்பியன் செடி முதல் பூ பூக்கவே பத்தாண்டு ஆகலாம். பலர் மிதித்துப் பழகிய இடம் பழையபடி ஆக ஒரு மனித ஆயுள் போதாது. குனிந்து, முழங்காலிட்டுப் பாருங்கள்: நகக்கண் அளவு நீலப் பூ, அதில் மஞ்சள் கண். அதைப் பார்க்காமல் மலையை மட்டும் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பாறைக் குவியல்களில் ‘ஈக்’ என்று கூர்மையான சத்தம் வந்தால் அது பிக்கா: எலி அளவு, முயலின் உறவு. குளிர்காலம் முழுதும் தூங்காமல் விழித்திருக்கும் உயிர் என்பதால், கோடையெல்லாம் புல்லை அறுத்துப் பாறை இடுக்கில் வைக்கோல் போராக அடுக்கும். வாயில் பூங்கொத்தோடு அது ஓடுவதைக் காண, ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்திலேயே வெயில் காயும் கொழுத்த மார்மோட் இதற்கு நேர்மாறு. சேமிப்பதெல்லாம் உடம்பில், குளிர்காலம் முழுக்கத் தூக்கம்.

11,796 அடியில் ஆல்பைன் பார்வையாளர் மையம். கழிப்பறை, உணவகம் எல்லாம் இங்கே. அருகிலுள்ள சிறு குன்றில் ஏறுவது நெஞ்சு நன்றாக இருப்பவர்களுக்கு. பிறகு சாலை இறங்கி 10,759 அடி மில்னர் கணவாய்க்கு வரும். கண்டத்தின் நீர்ப்பிரிவு இதுதான்: கிழக்கே விழும் துளி அட்லாண்டிக் பக்கமும் மேற்கே விழும் துளி பசிபிக் பக்கமும் போகும். இன்னும் இறங்கினால் கவுனீச்சி பள்ளத்தாக்கு. தாண்டக்கூடிய அகலத்தில் அங்கே வளைந்தோடும் ஓடைதான் கொலராடோ ஆறு. கிராண்ட் கேன்யனில் ஓடும் அதே ஆறு. அதன் ஓரப் புதர்களில் மூஸ் மான் நிற்கும். அருகே கருகி நிற்கும் மரங்கள் 2020 அக்டோபரில் பரவிய ஈஸ்ட் டிரபிள்சம் காட்டுத்தீயின் மிச்சம். காற்று வலுக்கும்போது அவை சாயும். அவற்றின் கீழே உட்காராதீர்கள்.

மண் சாலையில் ஓட்டத் தயங்காதவர்கள் உச்சிக்குப் போக பழைய ஃபால் ரிவர் சாலையைப் பயன்படுத்தலாம். 1920-இல் திறந்தது, 11 மைல், மேல்நோக்கி மட்டும் ஒருவழி, மணிக்கு 15 மைல் வேகம். ஜூலையில்தான் திறக்கும்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கருகிய வாடை வந்தால் அதுதான். கியரைக் குறைத்து, இன்ஜின் வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் ‘எல்’ அல்லது 2, 1 என்ற நிலைகள் இதற்காகவே. பல வளைவுகளில் தடுப்புச் சுவர் இல்லை. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். காட்சிக்கு ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள்.

மதியத்துக்குள் ஏன் இறங்க வேண்டும்

காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகிறது, ஈரக்காற்று மேலெழுகிறது, பத்து மணிக்குப் பஞ்சுபோல வெள்ளை மேகம், பதினொன்றுக்கு அது கோபுரமாக வளரும், ஒன்றுக்கு அடி கறுத்து இடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் இது ஏறக்குறைய அன்றாட நடப்பு. மரமில்லாத வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். 2014 ஜூலையில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், இந்தச் சாலைப் பகுதியில் மின்னல் தாக்கி இருவர் இறந்தனர்.

நடுப்பகலுக்குள் வெட்டவெளி நடைகளை முடித்துவிடுங்கள். இடி கேட்டாலே, மழை இல்லாவிட்டாலும், காருக்குத் திரும்புங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள். தனிமரத்தடியும் பாறைக் குகையும் பாதுகாப்பு அல்ல. மாலையில் காரிலேயே திரும்பி வருவதில் ஆபத்தில்லை, நடுவில் இறங்காதவரை.

பெரிய விலங்குகள்

எல்க், காட்டு ஆடு ஆகியவற்றிடமிருந்து 75 அடி, மூஸ், கரடியிடமிருந்து 120 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விலங்கு முழுதும் விரலுக்குள் மறையவில்லை என்றால் நெருங்கிவிட்டீர்கள். இங்கே இருப்பது கருங்கரடி மட்டுமே. பலர் அஞ்சுவது கரடியை; நெருங்கினால் அதைவிடச் சட்டென்று பாய்வது கன்றோடு நிற்கும் மூஸ். காதைப் பின்னுக்கு மடித்து, பிடரிமயிர் சிலிர்த்தால் பாயப்போகிறது. மரத்துக்குப் பின்னால் ஓடிவிடுங்கள்.

எல்க் இணைசேரும் காலம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. ஆண் மான் எழுப்பும் ஊதல், அந்த உருவத்துக்குப் பொருந்தாத மெல்லிய குழலோசையாகத் தொடங்கி முனகலில் முடியும். மொரெய்ன் பார்க், ஹார்ஸ்ஷூ பார்க் சாலையோரத்தில் அந்தி சாயும்போது நின்றால் போதும். செப்டம்பர், அக்டோபரில் மாலை 5 முதல் காலை 7 வரை இந்தப் புல்வெளிகளுக்குள் நடக்கத் தடை, சாலையிலிருந்தே கேளுங்கள். முகப்பு விளக்கை அணைத்து, கதவை மெதுவாகச் சாத்துங்கள். இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று குடும்பத்துக்கு இருந்தால் எல்லாருக்கும் போதும். டிரோன் பறக்கவிடத் தடை. உதிர்ந்த கொம்பை எடுக்கவும் கூடாது. நாயை நடைபாதைகளில் கூட்டிப் போக முடியாது.

உள்ளே தங்குவதானால்

மொரெய்ன் பார்க், கிளேசியர் பேசின், ஆஸ்பென்கிளென் முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும். முகாம் பதிவோடு நுழைவு அனுமதியும் சேர்ந்தே வரும். உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, காலிப் பாத்திரம் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கரடிக்கு வாசனைதான் சாப்பாடு. காட்டுக்குள் கூடாரமிடுவோருக்குத் தனி அனுமதியும், ஏப்ரல் முதல் அக்டோபர்வரை கரடி திறக்க முடியாத உணவுக் குடுவையும் கட்டாயம். இந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சமையல் மெதுவாகத்தான் வேகும். எரிவாயுவைக் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

குளிர்காலத்தில் நேர அனுமதி வேண்டாம், கூட்டமும் இல்லை. மெனி பார்க்ஸ் கர்வ்வரை மட்டும் சாலை திறந்திருக்கும். பனிச்சறுக்குப் பலகையில் குழந்தைகள் விளையாட ஹிடன் வேலி ஒன்றுதான் அனுமதிக்கப்பட்ட இடம். உறைந்த பேர் லேக்கைச் சுற்றிப் பனிக்காலணியில் நடக்கலாம். ஆனால் ஏரியின் மேலே கால் வைக்காதீர்கள். ஓடை நுழையும், வெளியேறும் முனைகளில் பனி மெல்லிசாக இருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.